எமர்லீத்தா மேம் சொன்ன சொல்

நிரந்தர ஆசிரியர் நியமனத்துக்கான தரவரிசைப் பட்டியலில் எமர்லீத்தா லகும்பாய் இரண்டாவது. காலியிடமும் இரண்டு. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இந்தக் கணக்குப் புரியாமல் இருக்குமா? இருந்தாலும் அந்த மார்ச் மாதம் முழுக்க, பள்ளி வராந்தாவில் ஒட்டியிருந்த அந்தத் தாளின் முன்னால் தினமும் ஒருதரம் நின்று, தன் பெயருக்கு மேலே எத்தனை பெயர் என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவாள். ஒன்றே ஒன்று. மறுநாளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஆனாலும் பார்ப்பாள்.

ஆறு வருஷமாக அவள் பதில் ஆசிரியை. அதாவது, அடுத்தவர்களின் பிள்ளைப்பேற்றில் பிழைத்தவள். எந்த மேமாவது வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தால் எமர்லீத்தாவுக்கு நாலு மாதம் சம்பளம் உண்டு. யாரும் உண்டாகவில்லையென்றால் மாமா வீட்டுக் கடையில் உப்புக்கருவாடு நிறுத்துக் கொடுப்பாள். "இந்த வருஷம் யாரு மேம்?" என்று சக ஆசிரியைகள் ஒருவரையொருவர் கண்ணடித்துக் கேட்கும்போது அவளும் கூடச் சிரிப்பாள். வேறென்ன செய்ய?

அப்பா தீபோர்சியோ தென்னை ஏறிக் கள் இறக்குகிறவர். அவருக்கு முன்னால் அந்த வம்சத்தில் யாரும் ஆறாம் வகுப்பைத் தாண்டியதில்லை. எமர்லீத்தா ஆசிரியர் உரிமத் தேர்வில் தேறிய அன்று, எட்டடிக்கு நாலடி பதாகை அடித்து வீட்டு முகப்பில் கட்டினார். மகளின் பட்டமளிப்புப் படம், கீழே முழுப் பெயர், பெயருக்குப் பின்னால் கமா போட்டு உரிமம் பெற்ற ஆசிரியை. வெயிலில் வெளுத்துப்போன பிறகும் அவிழ்க்க விடவில்லை. வெளுத்ததும் இன்னொன்று அடித்துக் கட்டினார். போஹோல் தீவில் பலரும் செய்கிறதுதான். ஆனால் இரண்டாம் பதாகை கட்டியது இவர் ஒருவர்தான். படித்தவன் வீட்டில் பிறந்து படித்தவனுக்கு இது கொஞ்சம் அசிங்கமாகக்கூடத் தெரியலாம். முதல் ஆளாகப் படித்தவனுக்கு மட்டும்தான் அந்தத் துணியின் எடை தெரியும்.

காணொளி எடுக்கிற பழக்கம் பெற்றோர்களால் வந்தது. பிள்ளைகளின் கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. வேறு சில பாடங்கள் தலைநகரத்துத் தகாலோக்கில். வீட்டிலோ பேசுவது பிசாயா. வீட்டுப்பாடத்தில் பிள்ளைக்கு உதவலாம் என்று உட்காருகிற அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முதல் வரியிலேயே கண் இருட்டும். "மேம், நீங்க எங்களுக்கு ஒருதரம் சொல்லிக் குடுத்துடுங்க, நாங்க பிள்ளைக்குச் சொல்லிக்கிறோம்" என்று ஒரு தாய் வாசலில் வந்து நின்றாள். மறுநாள் மூன்று பேர். எமர்லீத்தா கைப்பேசியை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, பிசாயாவிலேயே பேசி, ஊர்க் குழுவில் போட்டாள்.

அந்தக் காணொளிகளில் இரண்டு பேர் வருவார்கள். இரண்டும் அவளே. ஒருத்தி மேம். இன்னொருவர், அப்பாவின் கிழிந்த தொப்பியை மாட்டிக்கொண்டு வருகிற ஒரு கள்ளிறக்கி. பிள்ளையின் நோட்டை வைத்துக்கொண்டு மண்டையைச் சொறிகிறவர்.

"மூணு பெருசா ரெண்டு பெருசா, மேம்?" என்பார் தொப்பிக்காரர்.

"மூணுதான், தீயோ" என்பாள் மேம், மாமாவைக் கூப்பிடுகிற மாதிரி.

"அப்போ மூணுல ஒரு பங்கு எப்படி ரெண்டுல ஒரு பங்கைவிடச் சின்னதாப் போச்சு? யாரை ஏமாத்தறீங்க?" என்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே நாற்காலியில் சாய்வார். "லிபோக் காய்யோ கோ, மேம்!"

லிபோக் காய்யோ கோ என்றால், எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது. பிசாயா பேசுகிற எவனும் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறது. சந்தையில் மீதிச் சில்லறை சரியாக வராவிட்டால் லிபோக். பாதிரியார் பிரசங்கம் நீண்டால் லிபோக். பிறகு மேம் ஒரு பிபிங்கா அப்பத்தை எடுத்து, ஒன்றை இரண்டாக, இன்னொன்றை மூன்றாக வெட்டித் தட்டில் வைப்பாள். "எந்தத் துண்டு வேணும் தீயோ?" தொப்பிக்காரர் பெரிய துண்டைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார். பாடம் முடிந்தது.

மூவாயிரம் பேர் பார்த்தார்கள். எல்லாம் தீவுக்காரர்கள், பிழைக்கப் போன இடத்திலிருந்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்ல விரும்பிய நாலைந்து அப்பாக்களும் உண்டு. அது போதும் என்றுதான் அவள் நினைத்தாள். தரவரிசையில் அந்தக் காணொளிகளுக்கென்று தனி மதிப்பெண்ணும் விழுந்தது. "புதுமையான கற்பித்தல்" என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து. அவளை இரண்டாவதாக ஏற்றிவிட்டதே அதுதான்.

ஏப்ரலில் செயலியில் ஒரு புது வசதி வந்தது. யாரும் கேட்கவில்லை, அதுவாக வந்தது. பழைய காணொளிகளிலும் பேசுவதைக் கேட்டுக் கீழே எழுத்தாக ஓட்டும். அந்த இயந்திரத்துக்குப் பிசாயா தெரியாது. இந்த நாட்டில் வாய் திறக்கிறவன் எல்லாம் தகாலோக்தான் பேசுவான் என்று அதற்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். தகாலோக்கிலும் லிபோக் என்ற சொல் உண்டு. அழுத்தம் மட்டும் முதல் அசையில் விழும். அர்த்தம், உடம்புச் சூடு. படுக்கையறைக்கு வெளியே எவரும் சொல்லாத சூடு.

ஒரு புதன்கிழமை இடைவேளையில், பக்கத்து வகுப்பு மேம் கைப்பேசியை நீட்டினாள். அவள் முகம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நின்றிருந்தது.

"எமர், இது நீதானே?"

ஒன்பது நொடி. அவள்தான். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்கிறாள், நாற்காலியில் சாய்கிறாள், லிபோக் காய்யோ கோ மேம் என்கிறாள். கீழே தகாலோக் எழுத்து ஓடுகிறது. மேலே பெரிய மஞ்சள் எழுத்தில், 'டீச்சருக்கு இன்னைக்குத் தாங்கலையாம்!' மணிலாவிலிருந்து நடக்கிற ஒரு பக்கம். அதற்கு முன்னால் வந்த "யாரை ஏமாத்தறீங்க" இல்லை. பின்னால் வந்த பிபிங்கா இல்லை. மூன்று நாளில் பதினேழு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"விசிறாம இருந்திருக்கலாம் நீ" என்றாள் பக்கத்து வகுப்பு மேம்.

"வெக்கை மேம். தகர ஷீட்டு வீடு."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியுமா?"

அன்று சாயங்காலமே எமர்லீத்தா ஒரு விளக்கக் காணொளி எடுத்தாள். தொப்பி இல்லை, நடிப்பு இல்லை. பள்ளிச் சீருடையோடு நேராக உட்கார்ந்து, நிதானமாகப் பேசினாள். "எங்க பேச்சில் லிபோக் என்றால் குழப்பம். லிபோக் என்பது கெட்ட வார்த்தை இல்லை. நான் பிறந்ததிலிருந்து லிபோக் என்று சொல்கிறேன். என் அப்பாவும் சொல்கிறார். எங்கள் பாதிரியாரும் சொல்கிறார்." எட்டு நிமிஷம். படித்தவள் அல்லவா, நல்ல விளக்கம் கொடுத்தால் நல்ல பலன் வரும் என்று நம்பினாள். பள்ளிக்கூடம் நமக்குச் சொல்லிக்கொடுக்கிற பெரிய பொய் அதுதான்.

இயந்திரம் அதையும் கேட்டுக் கீழே எழுதியது. மறுநாள் அதே மஞ்சள் எழுத்துப் பக்கத்தில் இன்னொரு துண்டு வந்தது. எமர்லீத்தா சீருடையில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, மரியாதையாகக் கைப்பேசியைப் பார்த்துச் சொல்கிறாள்; கீழே ஓடுகிறது: 'காமம் கெட்ட வார்த்தை இல்லை. நான் பிறந்ததிலிருந்து காமம். என் அப்பாவும். எங்கள் பாதிரியாரும்.'

முதல் துண்டைவிட இது இரண்டு மடங்கு ஓடியது.

கடை முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து கள் விற்கிற தீபோர்சியோவிடம் ஆட்கள் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

"என்ன தீபோர், நீயும்தானாமே? பாதிரியாரும் நீயும்?"

"உனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதாடா?" என்றார் அவர்.

"தெரியாம என்ன? சும்மா விளையாட்டுக்கு."

"உன் பொண்டாட்டி தினம் சொல்றாளே, லிபோக்னு. அவளையும் படம் பிடிச்சுப் போடறதுதானே."

பெஞ்சில் ஒரே சிரிப்பு. சொன்னவனும் சிரித்தான். தீபோர்சியோ மட்டும் குடத்தை மூடி, இன்றைக்கு விற்பனை முடிந்தது என்று எழுந்துவிட்டார். குடத்தில் பாதிக்கு மேல் இருந்தது.

மணிலாவில் இருப்பவன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்றால் அது ஒரு கணக்கு. ஆனால் ஊருக்குள் ஒருவருக்குக்கூடக் குழப்பம் இல்லை. சொல் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்தார்கள். எமர்லீத்தாவைச் சுட்டது இதுதான்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு அழைப்பு வந்தது. ஜோவித்தோ. கல்லூரியில் அவளோடு ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு வரிசை. ஆசிரியர் தேர்வில் இரண்டு தடவை தோற்று மணிலாவுக்குப் போனவன். ஏதோ ஊடக நிறுவனம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள்.

"இந்தாய்! எப்படி இருக்கே? இப்ப நீ பெரிய ஆளாச்சே!" குரல் உற்சாகமாக இருந்தது. தொண்டைக்குள் அதே பிசாயா, பெண்பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிற அதே இந்தாய்.

"நல்லா இல்ல, ஜோவித்."

"ஏன் நல்லா இல்ல? ரெண்டும் சேர்ந்து ஐம்பது லட்சம் தாண்டிடுச்சு. எங்க ஆபீஸ்ல இந்த மாசம் நீதான் முதல்."

"உங்க ஆபீஸா?" என்றாள்.

"ஆமா. அந்தப் பக்கம் நாங்கதான் நடத்தறோம். பத்துப் பேரு இருக்கோம். அதுல பிசாயா நான் ஒருத்தன்தான். ஊர்ப்பக்கத்துச் சரக்கு எல்லாம் என் டெஸ்க்குதான் வரும்."

"உனக்கு அந்த வார்த்தை தெரியாதா?"

"தெரியாம? தெரிஞ்சதாலதானே எங்க வெட்டணும்னு தெரிஞ்சுது." அதைச் சொல்லும்போது அவன் குரலில் கூச்சம் எதுவும் இல்லை, வேலை தெரிந்தவன் வேலையைப் பற்றிச் சொல்கிற தொனி. "மெஷின் தானா எழுதினதுதான் அந்த எழுத்து. அதை நான் தொடவே இல்ல. நான் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கத்தரிச்சேன், அவ்வளவுதான்."

"எனக்குப் பட்டியல்ல ரெண்டாவது இடம், ஜோவித். காலியிடம் ரெண்டு. அடுத்த மாசம் முடிவு."

"அட, அதை விடு. கேளு. ஒரு சோப்புக் கம்பெனி கேக்கறாங்க. நீ அந்தத் தொப்பியோட வந்து, அதே வார்த்தையைச் சொல்லி, மூஞ்சி கழுவினா போதும். 'லிபோக் மேம்'னு உனக்கே தனிப் பக்கம் ஆரம்பிச்சுடலாம். பள்ளிக்கூடத்துல அஞ்சு வருஷத்துல பார்க்கறதை ஒரே வருஷத்துல பாத்துடுவே. நான் உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன் இந்தாய். யோசிச்சுப் பாரு, உன்னை யாருக்குத் தெரியும் போன மாசம்?"

"மூவாயிரம் பேருக்குத் தெரியும். கணக்கு மேம்னு."

"மூவாயிரம்!" என்று சிரித்தான் ஜோவித்தோ. நக்கல் இல்லை. உண்மையிலேயே அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். மேலிடத்தில் கேட்கிறேன் என்றான். எடுக்கவில்லை. அதற்குள் ஐம்பது அறுபது பக்கங்களில் அது ஏறியிருந்தது, எடுத்தும் பயனில்லை என்பதும் உண்மைதான்.

இரண்டு வாரம் கழித்துப் புகார் வந்தது. எழுதியவர் ஊரில் யாரும் இல்லை. தலைநகரத்தில் யாரோ பொறுப்புள்ள குடிமகன், தன் குழந்தைகள் எல்லாரும் பள்ளியில் படிப்பவர்கள் என்று ஆரம்பித்து, இப்படிப்பட்டவர்களிடமா பிள்ளைகளை ஒப்படைக்கிறோம் என்று முடித்திருந்தார். மேலிருந்து கீழே கையெழுத்துக் கையெழுத்தாக இறங்கி, நகல் நகலாக மங்கி, கடைசியில் தலைமை ஆசிரியை கொர்டூலாவின் மேசைக்கு வந்தது.

நூலக அறையில் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேம் கொர்டூலா. நல்ல மனுஷி, எமர்லீத்தாவின் விண்ணப்பத்துக்கு அந்த ஐந்துக்கு ஐந்து போட்டவரே அவர்தான். வலது பக்கம் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சார் பெனெடிக்தோ. இடது பக்கம் குறிப்பெடுக்க ஒரு அம்மாள். மூவரும் பிசாயா. மேசையில் சிகுவாத்தே என்கிற சூடான சாக்லேட்டும் அரிசிப் புட்டும் வைத்திருந்தார்கள்.

"உக்காருங்க மேம்" என்றார் சார் பெனெடிக்தோ. "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும். நீங்க விளக்க வேண்டாம்."

"நன்றி, சார்."

"ஆனா புகார் அங்கேருந்து வந்திருக்கு. பதிலும் அங்கே போகணும். அங்கே இருக்கறவங்களுக்குத் தெரியாது."

"அதையே பதிலா எழுதிடலாமே சார். பிசாயால இதுக்கு அர்த்தம் வேறன்னு. ஒரு வரி."

அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். விதி எண் ஒன்றைப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். முதலாவது அரசு ஊழியருக்கு, இவள் நிரந்தர ஊழியர் அல்ல. இரண்டாவது விதி விண்ணப்பதாரர்களுக்கானது, ஆனால் காணொளி விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்த விதியில இதைக் கொண்டுபோய் வைக்கறதுன்னு எனக்கே லிபோக்கா இருக்கு" என்றார்.

குறிப்பெடுக்கிற அம்மாளின் பேனா நின்றது. மேம் கொர்டூலா புட்டை வாயருகே வைத்தபடி அப்படியே இருந்தார். பிறகு அந்த அம்மாள்தான் முதலில் குபுக்கென்று சிரித்தாள். மேம் கொர்டூலாவும் சிரித்துவிட்டார். சார் பெனெடிக்தோ காது வரைக்கும் சிவந்து, அவரும் சிரித்தார். எமர்லீத்தா சிரித்ததுதான் அதிகம். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. ஒரு நிமிஷம் அந்த அறையில் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள்.

சிரிப்பு அடங்கியதும் சார் பெனெடிக்தோ குறிப்பெடுக்கிற அம்மாளைப் பார்த்துச் சொன்னார்: "அதை எழுதாதீங்க."

பிறகு ஒரு தாளை நகர்த்தினார். ஆங்கிலத்தில் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தது. ஆசிரியப் பணிக்குப் பொருந்தாத, ஆபாசமான சொல்லைப் பொதுவெளியில் பயன்படுத்தியதற்காக வருந்துகிறேன்; இனி அப்படி நிகழாது. கீழே அவள் பெயர், பெயருக்குப் பின்னால் கமா போட்டு, உரிமம் பெற்ற ஆசிரியை.

"ஆபாசமான சொல்லா, சார்?"

"அங்கே அப்படித்தானே."

"நான் இங்கேதானே சொன்னேன்."

"மேம், இதுல கையெழுத்துப் போட்டா விஷயம் இன்னிக்கே முடிஞ்சுது. கோப்பை மூடிடறோம். பட்டியல் அப்படியே இருக்கும். போடலேன்னா கோப்பு திறந்தே கிடக்கும். திறந்த கோப்பு இருக்கற ஆளுக்கு நியமனம் குடுக்க முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச கணக்கு."

மேம் கொர்டூலா அவள் கையைத் தொட்டார். "போட்டுடு இந்தாய். தாள்ல எழுதினா அந்தச் சொல்லு அப்படி ஆயிடுமா என்ன? நாம தினம் பேசத்தானே போறோம்."

எமர்லீத்தாவுக்கு வீட்டு முகப்பில் தொங்குகிற துணி ஞாபகம் வந்ததா, கருவாட்டுக் கடை ஞாபகம் வந்ததா தெரியாது. பேனாவை வாங்கினாள். கையெழுத்து அழகாகத்தான் விழுந்தது. கரும்பலகையில் எழுதிப் பழகிய கை.

ஐந்து நாள்தான். ஆறாம் நாள் அந்தக் கடிதத்தின் படம் மஞ்சள் எழுத்துப் பக்கத்தில் வந்தது. 'டீச்சரே ஒத்துக்கொண்டார்!' மேசை ஓரத்தில் சிகுவாத்தேக் கோப்பையின் காதுகூடத் தெரிந்தது. யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. அறையில் இருந்தது நாலு பேர். எமர்லீத்தா எடுக்கவில்லை. மீதி மூன்று பேரும் தனித்தனியே வந்து, நான் இல்லை என்று அவளிடம் சத்தியம் செய்தார்கள். மூன்று பேர் சொன்னதையும் அவள் நம்பினாள், அல்லது நம்பியதாகத் தலையாட்டினாள்.

ஜோவித்தோவை அழைத்தாள். "உனக்கு யார் அனுப்பினது?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது இந்தாய். தொழில் தர்மம்."

"தர்மமா?"

"நீ ஏன் கையெழுத்துப் போட்டே?" என்று அவன் கேட்டான். முதல்முறையாக அவன் குரலில் எரிச்சல் இருந்தது. "போடாம இருந்திருந்தா, பிசாயாவைக் கேவலப்படுத்தறாங்கன்னு நானே உன் பக்கம் நின்னு ஒரு வீடியோ போட்டிருப்பேன். அது இன்னும் நல்லா ஓடியிருக்கும்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

அதுவரைக்கும் அவளுக்கு எதிராக இருந்தது ஒன்பது நொடித் துண்டும் ஒரு இயந்திரத்தின் அறியாமையும்தான். இப்போது அவளே கையெழுத்திட்ட வாக்குமூலம் இருந்தது. மேலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. முதலாவது இறங்கிவர இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது; இது இரண்டே நாளில் வந்தது. விண்ணப்பதாரர் தாமே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளதால் அவர் பெயரைப் பரிசீலிக்க இயலவில்லை. "புதுமையான கற்பித்தல்" கட்டத்தில் ஐந்து அடிக்கப்பட்டுப் பூஜ்யம் ஆகியிருந்தது. அடித்தவர் சுருக்கொப்பம் வைத்திருந்தார். கொ. என்று.

மே மாதக் கடைசியில் புதிய தாள் ஒட்டினார்கள். முதலாவதாக இருந்தவர் முதலாவது. இரண்டாவது, டெல்ஃபின் அம்போலோடி. பழைய பட்டியலில் மூன்றாவது.

அன்று மரம் ஏறப் போன தீபோர்சியோ நடுமதியம் வரை இறங்கவில்லை. கீழே நின்று கூப்பிட்ட எமர்லீத்தாவிடம், "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன், நீ போ" என்றார் மேலிருந்தே. இறங்கி வந்து எதிரே நின்றால் மகளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. அந்த வருஷம் இரண்டு மேம்கள் உண்டாகியிருந்தார்கள். ஆனால் எமர்லீத்தாவைக் கூப்பிடப் பள்ளியிலிருந்து ஆள் வரவில்லை. அவள் கடையில் கருவாடு நிறுத்தாள். வாங்க வருகிறவர்கள் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். மேம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் எதிரே பேச்சில் அந்தச் சொல் வருகிற இடம் வந்தால் நாக்கு தடுக்கி நின்றது. "விலையெல்லாம் ஒரே... ஒரே மாதிரி இல்ல மேம்" என்று திருப்பிக்கொண்டார்கள். அவளைப் புண்படுத்தக்கூடாதென்ற நல்லெண்ணம். கேலி செய்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. பிறகு அவள் எதிரே இல்லாதபோதும் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைச் சொன்னால் மேம்கள் உதட்டில் விரல் வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் டெல்ஃபின் வந்தான். அவள் வயதுதான், பக்கத்து ஊர்க்காரன், அவனும் வம்சத்தில் முதல் பட்டதாரி. கையில் கொட்டாங்கச்சியில் அடைத்த கலமாய் இனிப்பு. உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தான்.

"மேம், நான் யாருக்கும் எதுவும் எழுதிப் போடலை. அதை மட்டும்..."

"தெரியும் சார். உக்காருங்க."

"வேண்டாம்னு சொல்லிடலாம்னு பாத்தேன். வீட்ல அப்பா பதாகைக்குச் சொல்லிட்டார்."

"அடிச்சாச்சா?"

"ம். எட்டுக்கு நாலு."

"நல்லது."

அவன் கலமாயை மேசையில் வைத்தான். வந்த காரியத்தைச் சொல்லத் தயங்கினான். கடைசியில் சொன்னான். ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் திங்கட்கிழமை. பின்னம் புரியவில்லை என்று எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். "மூணுல ஒண்ணு எப்படிச் சின்னதுன்னு கேக்கறாங்க மேம். நான் புத்தகத்துல இருக்கற மாதிரி சொல்றேன், ஒருத்தருக்கும் ஏறலை. உங்க வீடியோ எல்லாத்தையும் நீங்க நீக்கிட்டீங்க. அதான் நேர்ல கேக்கலாம்னு."

எமர்லீத்தா எழுந்து கத்தி எடுத்துவந்தாள். கலமாயைக் கொட்டாங்கச்சியிலிருந்து தட்டில் எடுத்து வைத்து, ஒரு கட்டியை இரண்டாக, இன்னொன்றை மூன்றாக வெட்டினாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் அவர்களைக் கேள்வி கேட்க விட வேண்டும், எப்போது துண்டை நீட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு மணிநேரம் ஆயிற்று. டெல்ஃபின் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். நல்ல மாணவன்.

"இந்த இடத்துல நீங்களே முந்திக்கணும் சார்" என்றாள். "அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, அவங்க மனசுல என்ன இருக்கோ அதை நீங்க சொல்லிடணும். எனக்கும் இது குழப்பமாத்தான் இருந்துச்சுன்னு. அப்பத்தான் கூச்சம் போகும்."

டெல்ஃபினின் பேனா நின்றது. தலையைத் தூக்காமலே கேட்டான்.

"அங்க நான் என்ன வார்த்தை சொல்லட்டும், மேம்?"

எமர்லீத்தா கத்தியில் ஒட்டியிருந்த கலமாயைத் துணியால் வழித்தாள்.

"ஆங்கிலத்துல சொல்லுங்க. கன்பியூஸ்ட்."

"அது பாதிப் பேருக்குப் புரியாதே மேம்."

"புரியாட்டிப் போகட்டும் சார்" என்றாள் எமர்லீத்தா. "வேலை போகாது."